கண்ணிழந்தும் மலர் கண்டவர்

பொன்னேரிக்கும் பழவேற்காட்டிற்கும் இடையே திருப்பாலைவனம் என்னும் ஊர் உள்ளது. அப்பெயரைக் கேட்ட அளவில் நீரும் நிழலும் அற்ற மணல்வெளியே பலர் நினைவிற்கு வரும். பாலை மரங்கள் செறிந்து வளர்ந்த வனமாக முன்னாளில் விளங்கியமையால் ஊர் இப்பெயர் பெற்றது என்று பெரியோர் கூறுவர். மரத்தின் பெயர் வனத்திற்கு ஆகி, வனத்தின் பெயர் ஊருக்கு ஆயிற்று. வனம் மறைந்தது, பெயர் மட்டும் நிலைத்தது. இன்று அவ்வூர் வழியே பள்ளிக்குச் செல்லும் மாணவருள், 'இதுவே பாலை மரம்' என்று சுட்டிக் காட்ட வல்லார் எத்தனை பேர்?

ஊரைக் கடந்து கிழக்கே சென்றால் பழவேற்காட்டு ஏரி கண்ணுக்குப் புலனாகும். கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்து நிற்கும் உவர்நீர் ஏரிகளுள், ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரியது இதுவே. ஏரியின் நடுவே மீனவர் படகுகள் மிதக்கும். பனிக்காலத்தில் பூநாரைகள் வந்து குழுமும். காண வருவோர் படகையும் பறவையையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். கரைமணலில் ஊதாப்பூப் பூத்துப் படர்ந்திருக்கும் அடம்பங்கொடியையோ, சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்டல் மரத்தையோ, உப்பு நிலத்திலும் செழித்து வளரும் உமரிச் செடியையோ நின்று நோக்குவார் அரியர். பறவை பறந்து வந்து தன்னைக் காட்டிக்கொள்ளும். செடி நின்ற இடத்திலேயே நிற்கும். நாம்தான் அதனை நாடிச் செல்லுதல் வேண்டும்.

அவ்வாறு நாடிச் சென்ற ஒருவரின் வரலாறு ஈண்டுக் கூறப்படுகின்றது. அவர் பழவேற்காட்டில் வாழ்ந்தவர் அல்லர். ஆயினும் பழவேற்காட்டை வாணிகத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஒல்லாந்தரின் கம்பெனியிலேயே அவரும் ஊழியம் புரிந்தார். பழவேற்காட்டுக் கரையில் நிற்கும் தாழையும் புன்னையும் கண்டலும் அவர் வாழ்ந்த தீவின் கரையிலும் நின்றன.

ஒல்லாந்தர் 1613ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் கெல்திரியா என்னும் கோட்டையை அமைத்தனர். சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்ட துணிகளை வாங்கிக் கப்பலில் ஏற்றிக் கீழ்த்திசைத் தீவுகளுக்கு அனுப்புதல் அவர்தம் வாணிகம். அத்துணிகளுக்கு மாற்றாக அத்தீவுகளினின்று கிராம்பும் சாதிக்காயும் பெறப்பட்டன. அத்தீவுகளுள் ஒன்று ஆம்பன். அது இன்றைய இந்தோனேசிய நாட்டின் கிழக்குப் பகுதியில் உள்ளது. தமிழ்நாட்டுத் தறியின் துணியை ஆம்பன் தீவினர் உடுத்தினர். ஆம்பன் தீவின் கிராம்பு உலகெங்கும் மணந்தது.

அத்தீவிற்கு 1654ஆம் ஆண்டில் இளைஞர் ஒருவர் போர்வீரராக வந்து சேர்ந்தார். அவர் பெயர் கியோர்க் எபர்ஹார்டு ரும்பியஸ். 1627ஆம் ஆண்டில் செருமனி நாட்டில் பிறந்தவர். கல்வியில் சிறந்தவர், இலத்தீன் மொழியில் வல்லவர், கோட்டை கட்டும் கலையும் ஓவியம் வரையும் பயிற்சியும் உடையவர். தொலைநாடுகளைக் காணவேண்டும் என்னும் வேட்கை அவரைக் கடல் கடக்கச் செய்தது. 1652ஆம் ஆண்டின் இறுதியில் கப்பல் ஏறியவர், சாவகத் தீவின் பத்தேவியா நகரை அடைந்து, அங்கிருந்து ஆம்பன் சென்றார். அதன் பின்னர்த் தாம் பிறந்த நாட்டை அவர் மீண்டும் கண்டிலர்.

வாளேந்துதல் அவர் உள்ளத்திற்கு உவப்பாக இல்லை. சில ஆண்டுகளில் படைப்பணியை விடுத்துக் கம்பெனியின் வாணிகப் பிரிவிற்கு மாறினார். கணக்கெழுதும் நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் காட்டிலும் கடற்கரையிலும் கழிந்தது. அங்குக் கண்ட செடிகொடிகளுள் பலவற்றிற்கு ஐரோப்பிய நூல்களில் பெயரே இல்லை. ஆனால் அத்தீவின் மக்கள் அவற்றை நன்கு அறிந்திருந்தனர். எந்த இலை புண்ணை ஆற்றும், எந்த வேர் நஞ்சாகும், எந்த மரம் படகிற்கு உதவும் என்பன அவர்தம் நாவில் வழங்கின. ரும்பியஸ் அவர்களிடம் கேட்டறிந்தார், தாமே ஆய்ந்தறிந்தார், கண்டவற்றைத் தம் கையாலேயே ஓவியமாக வரைந்தார். அவருக்கு முதல் துணையாக விளங்கியவர் அவர் மனைவி சூசன்னா. செடிகளைத் தேடுவதில் உடன் சென்ற அப்பெருமாட்டி, பல செடிகளைக் கணவருக்குக் காட்டியும் உதவினார்.

இங்கு ஒரு முரண் எண்ணத் தக்கது. கிராம்பின் விலை குறைந்துவிடலாகாது என்பதற்காக, ஆம்பனிலும் அதனை அடுத்த சில தீவுகளிலும் அன்றி வேறெங்கும் அம்மரம் இருத்தல் கூடாது என்று கம்பெனி விதித்தது. பிற தீவுகளில் நின்ற கிராம்பு மரங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டி வீழ்த்தப்பட்டன. அவற்றை நம்பி வாழ்ந்த மக்கள் பெருந்துயர் உற்றனர். மரங்களை அழித்த அதே கம்பெனியின் ஊழியர் ஒருவர், தம் ஓய்வு நேரத்தில், ஒரு புல்லின் பெயரும் மறைந்துவிடலாகாது என்று எழுதிக்கொண்டிருந்தார். அழிப்பதற்குக் கோடரி ஒன்று போதும். காப்பதற்கோ ஒரு வாழ்நாள் வேண்டியிருந்தது.

பணி பாதியளவில் நின்றபொழுது பேரிடி ஒன்று விழுந்தது. 1670ஆம் ஆண்டில், நாற்பத்திரண்டாம் அகவையில், ரும்பியஸ் தம் இரு கண்களின் ஒளியையும் இழந்தார். செடியின் இலை வட்டமா நீள்வட்டமா, பூவிதழ் ஐந்தா ஆறா, காயின் நிறம் பச்சையா செம்மையா என்று கண்ணால் கண்டு வரைவதே அவர் தொழில். கண்ணற்றவர் அத்தொழிலை எவ்வாறு தொடர்வது? வேறொருவராயின் ஏடுகளைக் கட்டி வைத்துவிட்டு விதியை நொந்திருப்பர். ரும்பியஸ் அவ்வாறு செய்யவில்லை.

கம்பெனியின் மேலோர் அவரைப் பணியினின்று நீக்கவில்லை. ஆம்பன் நகரத்திற்கு அவரை வரவழைத்து, ஊதியத்தையும் தகுதியையும் முன்போலவே அளித்தனர். அவர் சொல்வதை எழுத எழுத்தர் கிடைத்தனர். பின்னர் ஓவியரும் கிடைத்தனர். அவர் மகன் பால் அகஸ்தும் தந்தைக்காக வரைந்தார். ரும்பியஸ் செடியை விரல்களால் தடவி அதன் வடிவை உணர்வார். முகர்ந்து மணத்தை அறிவார். சுவைத்துப் பார்த்துக் காரமும் கசப்பும் கூறுவார். பல்லாண்டு கண்ணாற் கண்டவை அவர் நினைவில் அழியாது நின்றன. அந்நினைவிற்கு விரல் துணை நின்றது. விரல் கண்டதை எழுத்தர் எழுதினர். எழுத்திற்கேற்ப ஓவியர் வரைந்தனர். மகன் வரைந்த தந்தையின் படம் ஒன்று இன்றும் உள்ளது. அதில் முதியவர் மேசை முன் அமர்ந்து, தம் கைகளால் பொருள்களைத் தொட்டறியும் நிலையில் காணப்படுகின்றார்.

இவ்விடத்தே மற்றோர் இடரும் நேர்ந்தது. அவர் முதலில் தம் நூலைக் கற்றோர் மொழியான இலத்தீனில் எழுதி வந்தார். எழுத்தராக வந்தோருக்கோ அம்மொழி தெரியாது. ஆகவே, அதுகாறும் எழுதியதை விடுத்து, எழுத்தர் அறிந்த டச்சு மொழியில் நூலை மீண்டும் தொடக்கத்திலிருந்து சொல்லலானார். பல்லாண்டு உழைப்பை ஒதுக்கிவிட்டு முதலடியிலிருந்து நடக்கத் துணிதல் எளிதோ?

துன்பம் அத்துடன் விடவில்லை. 1674ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள் மாலையில் ஆம்பன் தீவு நடுங்கியது. நில நடுக்கத்தைத் தொடர்ந்து கடல் பொங்கி எழுந்து கரையூர்களை விழுங்கியது. இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். சரிந்து விழுந்த சுவரின் அடியில் சிக்கி ரும்பியசின் மனைவி சூசன்னாவும் மகளும் உயிர் நீத்தனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் உற்றாரை இழந்த நம் கடற்கரை மக்கள் அத்துயரின் ஆழத்தை அறிவர். கண்ணிழந்தவர் தம் கண்போன்றாரையும் இழந்தார்.

ஆயினும் அவர் அப்பேரழிவைப் பற்றி முறையாகக் கேட்டறிந்து ஒரு குறிப்பை உருவாக்கினார். எவ்வூரில் நிலம் எவ்வாறு பிளந்தது, அலை எங்கெங்கு ஏறியது என்பன அதில் விளங்கக் கூறப்பட்டுள்ளன. அத்தீவுகளின் ஆழிப்பேரலையைப் பற்றி விரிவாக எழுதப்பட்ட முதற் குறிப்பு என்று இன்றைய அறிஞர் அதனைப் போற்றுகின்றனர்.

மனைவியின் நினைவிற்கு அவர் கல்லில் சின்னம் எழுப்பியதினும் சிறந்த செயல் ஒன்றைச் செய்தார். அத்தீவில் நிலத்தில் வளரும் ஓர் அழகிய வெண்மலர் உண்டு. அதன் இதழோரம் இழை இழையாகக் கிழிந்து சிறகு விரித்தாற்போல் தோன்றும். அம்மலரை முதன்முதல் தமக்குக் காட்டியவர் சூசன்னாவே என்பதை நினைந்து, 'சூசன்னாவின் மலர்' என்று அதற்குப் பெயரிட்டார். பின்னாளில் தாவரங்களுக்கு முறையான பெயர் வகுத்த லின்னேயஸ் என்னும் பேரறிஞரும் அப்பெயரையே ஏற்றுக்கொண்டார். இன்றும் உலகத் தாவர நூல்கள் அனைத்திலும் அம்மலர் சூசன்னாவின் பெயரையே தாங்கி நிற்கின்றது. நம் நாட்டின் வடகிழக்கு மலைப்பகுதிகளிலும் அது பூக்கின்றது.

பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1687ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆம்பன் நகரில் தீப்பற்றியது. ரும்பியசின் நூல்நிலையம் எரிந்தது. கண்ணொளி இருந்த காலத்தில் அவர் தம் கையாலேயே வரைந்த ஓவியங்கள் சாம்பலாயின. எழுத்துப்படிகளுள் பெரும்பகுதி மட்டும் காப்பாற்றப்பட்டது. கண்ணிழந்தவர் தாம் வரைந்ததை மீண்டும் வரைய இயலுமோ? அவ்வோவியங்கள் என்றைக்கும் மறைந்தன. அறுபது அகவையை நெருங்கிய ரும்பியஸ் பிறர் கைகளைக் கொண்டு அவற்றைப் புதிதாக வரையச் செய்யலானார்.

நூலின் முதற் பகுதி நிறைவுற்று, 1692ஆம் ஆண்டில் கப்பலில் ஐரோப்பாவிற்கு அனுப்பப்பட்டது. வழியில் பிரெஞ்சுக்காரர் அக்கப்பலைத் தாக்கி மூழ்கடித்தனர். ஏடுகள் கடலுக்கு இரையாயின. நற்பேறாக, பத்தேவியாவில் ஆளுநர் தலைவராக இருந்த கம்பைஸ் என்பவர், கப்பல் புறப்படுமுன் அந்நூலுக்கு ஒரு படி எடுத்து வைத்திருந்தார். அவர் தாமும் இயற்கையில் ஈடுபாடு உடையவர். அவருடைய முன்னறிவினால் நூல் பிழைத்தது. எஞ்சிய பகுதிகளும் ஒவ்வொன்றாக அனுப்பப்பட்டன.

1702ஆம் ஆண்டு சூன் திங்கள் 15ஆம் நாள் ரும்பியஸ் ஆம்பனிலேயே உயிர் துறந்தார். தம் நூல் அச்சேறக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. அதில் அடங்கிய செய்திகள் போட்டி வணிகருக்குப் பயன்படக்கூடும் என்று அஞ்சிக் கம்பெனி அதனை நெடுங்காலம் வெளியிடாது வைத்திருந்தது. அவர் மறைந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்ற பின்னரே, 1741ஆம் ஆண்டு முதல், பர்மன் என்னும் அறிஞரின் முயற்சியால் 'ஆம்பன் மூலிகை நூல்' பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. ரும்பியஸ் சொல்லிய டச்சு உரை ஒருபுறமும், பர்மன் பெயர்த்த இலத்தீன் உரை மறுபுறமுமாக அச்சிடப்பட்டது. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு செடிகொடிகளைப் பற்றிய விளக்கமும் எழுநூற்றை ஒட்டிய படங்களும் அதில் உள்ளன. ஒவ்வொரு செடியின் வடிவு, பல மொழிகளில் அதன் பெயர், வளரும் இடம், மக்களுக்கு ஆகும் பயன் என வகை வகையாக அனைத்தும் கூறப்பட்டுள்ளன.

அந்நூலில் தாழை உண்டு, புன்னை உண்டு, அலை ஏறும் சேற்றில் நிற்கும் கண்டல் வகைகள் உண்டு. பழவேற்காட்டு மீனவச் சிறுவன் ஒருவன் அப்படங்களைப் புரட்டினால், தன் ஊர் மரங்களைக் கண்டு வியப்பான். வேலிகளில் நீலமாய்ப் பூக்கும் சங்குப்பூவின் தாவரப் பெயரிலேயே, ஆம்பனுக்கு வடக்கே உள்ள தெர்னாத்தே தீவின் பெயர் அடங்கியுள்ளது. கடல் நாடுகளைப் பிரிக்கின்றது என்பர். செடிகள் அவ்வாறு எண்ணுவதில்லை.

நூல் ஒன்று எழுதிவிட்டால் செடி பிழைத்துவிடுமா என்று சிலர் வினவலாம். பெயரும் வடிவும் தெரியாத ஒன்றைக் காக்க எவரும் முன்வாரார். முன்பு எங்கு எது வளர்ந்தது என்னும் குறிப்பு இருந்தால்தான் இன்று எது குறைந்தது என்பது தெரியவரும். 1913ஆம் ஆண்டில் ராபின்சன் என்னும் கனடா நாட்டுத் தாவர அறிஞர், ரும்பியஸ் கூறிய செடிகளை அவர் கண்ட இடங்களிலேயே மீண்டும் தேடித் திரட்டுதற்கு ஆம்பன் சென்றார். ஆண்டு முடியுமுன் அங்கேயே கொலையுண்டு இறந்தார். அவர் திரட்டியவற்றைக் கொண்டு மெரில் என்னும் அறிஞர் 1917ஆம் ஆண்டில் ரும்பியசின் செடிகளை இக்காலப் பெயர்களோடு பொருத்தி ஒரு நூல் வெளியிட்டார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் கண்ணற்ற ஒருவர் சொல்லி எழுதியதைக் கையிற்கொண்டு, கண்ணுடையோர் காட்டில் வழி கண்டனர்.

செடிகளைக் காக்கும் நோக்குடனேயே தூரிகை ஏந்தியவர்களும் அண்மைக் காலத்தில் உளர். அவருள் ஒருவர் வேரா ஸ்கார்த் ஜான்சன் என்னும் பெண்மணி. 1912ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் குடியேறிக் கரும்புப் பயிர் செய்தவர். பின்னர் அந்நாட்டின் வடகிழக்கே குக்டவுன் என்னும் சிற்றூரில் தங்கி, எண்டவர் ஆற்றங்கரையில் இயற்கையாய் வளரும் மலர்களை வண்ணத்தில் தீட்டலானார். அப்பகுதியின் பழங்குடி மக்கள் அவருக்குச் செடிகளைக் காட்டியும் அவற்றின் பயனைக் கூறியும் துணை நின்றனர். ஆற்றங்கரையின் இயற்கை அழியாமல் இருப்பதற்கு அவர் ஓயாது குரல் கொடுத்தார். முதுமையில் நடுக்குவாத நோய் அவரைப் பற்றியது. நுண்ணிய நரம்பையும் பிழையின்றி வரைய வேண்டிய கை நடுங்கத் தொடங்கியது. எண்ணிய அளவு ஓவியங்களை அவரால் முடிக்க இயலவில்லை. எனினும் முடித்த நூற்றுக்கு மேற்பட்ட ஓவியங்களைத் தமக்கென வைத்துக்கொள்ளாது அவ்வூர் மக்களுக்கே கொடையாக அளித்தார். 1999ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவ்வோவியங்கள் இன்று அவ்வூர்த் தாவரப் பூங்காவில் அனைவரும் காண வைக்கப்பட்டுள்ளன.

இவ்விருவர் வாழ்விலும் ஓர் உண்மை பொதுவாக விளங்குகின்றது. உடற்குறை உடையோரின் வெற்றியைக் கூறுவோர் அவர்தம் மன உறுதியை மட்டுமே புகழ்வது வழக்கம். மன உறுதி வேண்டுவதே. ஆனால் எழுதிய எழுத்தர், வரைந்த மகன், படி எடுத்து வைத்த ஆளுநர், காட்டில் வழிகாட்டிய பழங்குடியினர் ஆகியோர் இல்லையாயின் அவ்வுறுதி என்ன ஆகியிருக்கும்? ரும்பியசின் ஊதியம் நிறுத்தப்பட்டிருந்தால், கண்ணோடு அவர் நூலும் இருண்டிருக்கும். ஒருவர் பால் உள்ள குறையைப் பிறர் தம் துணையால் நிறைக்கும்பொழுது, அவர் பால் உள்ள திறன் உலகிற்குப் பயன்படுகின்றது. கண்ணற்ற மாணவனுக்குப் பாடத்தைப் படித்துக் காட்டும் தோழன் செய்வது இரக்கச் செயல் மட்டும் அன்று. அம்மாணவனின் அறிவை நாட்டிற்குப் பெற்றுத் தரும் தொண்டும் ஆகும்.

இனித் திருப்பாலைவனத்திற்கு மீள்வோம். அங்கும், ஏரியைச் சூழ்ந்த மீனவர் ஊர்களிலும், செடிகொடிகளின் பெயரையும் பயனையும் அறிந்த முதியோர் இருப்பர். எந்த வேரைக் காய்ச்சினால் வலி தீரும், எந்தக் கொடி மணலைப் பிடித்து நிறுத்தும், மீன்குஞ்சுகள் எந்த மரத்தின் வேர்களிடையே ஒதுங்கும் என்பன அவர்க்குப் பாடம். அவர் மறைந்தால் அவ்வறிவும் மறையும். அதனைக் கேட்டு எழுதிக்கொள்ளப் பெருஞ்செல்வம் வேண்டா. ஓர் ஏடும் ஓர் எழுதுகோலும் போதும். ஓவியம் வல்ல மாணவன் வரையலாம். வரைய இயலாதவன் எழுதலாம். எழுத இயலாதவன் தொட்டும் முகர்ந்தும் அறிந்து சொல்லலாம். அனைவரும் கூடினால் ஓர் ஊரின் மலர்கள் அனைத்தையும் ஓர் ஏட்டில் அடக்கிவிடலாம்.

ரும்பியஸ் தம் வாழ்நாளின் கடைசி முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஒரு மலரையும் கண்ணால் கண்டிலர். எனினும் ஆயிரத்துக்கு மேற்பட்ட செடிகளை உலகம் காணச் செய்தார். இரு கண்ணும் உடைய நாம், நம் ஊரின் பெயரில் உள்ள ஒரு மரத்தையேனும் கண்டறிதல் வேண்டாவோ?